நாய்களுக்கான அவசர மருத்துவம் (விருதுநகர் மாவட்டம்)

நாய்களுக்கான அவசர மருத்துவம் என்பது விபத்து, தீக்காயம், நஞ்சு, நோய் ஆகியவற்றால் கடும் வலியில் இருக்கும் நாய்க்கு உடனடியாக அளிக்கப்படும் சிகிச்சை ஆகும். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாயினங்களுள் ஒன்றான இராசபாளையம் நாய், விருதுநகர் மாவட்டத்திற்கு உரியது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் கூலி பெறும் குடும்பங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில், தனியார் மருத்துவச் செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே பல நேரங்களில் நாயின் உயிருக்கு ஆபத்தாகிறது.

வலியின் அறிகுறிகள்

நாய் வலியை எப்போதும் கத்திக் காட்டுவதில்லை. உணவை மறுத்தல், மூலையில் ஒதுங்குதல், நடுக்கம், இடைவிடாத மூச்சிரைப்பு, ஒரே இடத்தை நக்குதல், தொட்டால் உறுமுதல் ஆகியவை வலியைக் குறிக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

* மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு
* சிறுநீர் கழிக்க முக்கியும் வராமை
* பாம்புக்கடி, எலி மருந்து அல்லது வெடிக்காத பட்டாசைத் தின்றிருத்தல்
* வயிறு உப்பி, குமட்டியும் வாந்தி வராமை. இரைப்பை முறுக்கிக்கொள்ளும் இந்நிலை, இராசபாளையம் போன்ற ஆழமான மார்புடைய பெரிய நாய்களுக்கு எளிதில் ஏற்படும். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

முதலுதவி

வலியில் உள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். எனவே துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் கட்டக் கூடாது. கடிபட்டவர் காயத்தை சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

நாயின் தீக்காயத்தின் மீது குறைந்தது 10 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் தடவக் கூடாது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தீங்கானது.

மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் ஆகியவை நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். சில ரூபாய் மாத்திரை பெருஞ்செலவில் கொண்டுவிடும்.

குறைந்த செலவில் சிகிச்சை

தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கால்நடை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் மாடு, ஆடுகளுடன் நாய்க்கும் சிகிச்சை உண்டு. இருப்பில் இல்லாத மருந்துகளை வெளியே வாங்க நேரலாம். வேலை நேரம் இடத்துக்கு இடம் மாறுவதால், நாய் நலமாக இருக்கும்போதே அருகிலுள்ள மருந்தகத்தின் நேரத்தையும், இரவில் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும் குறித்து வைப்பது நல்லது.

கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962 வழியாக நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இது முதன்மையாகப் பண்ணைக் கால்நடைகளுக்கானது. நாய்க்கு வருமா என்று அழைக்கும்போதே கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுச் செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

தனியார் மருத்துவரிடம் கையில் உள்ள தொகையை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லலாம். எந்தப் பரிசோதனை உடனே தேவை, எது பிறகு செய்தால் போதும் என்று அவர் பிரித்துச் சொல்ல அது உதவும்.

சட்டப் பொறுப்பு

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 3ஆம் பிரிவின்படி, விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும். பிழைக்க வழியில்லை என மருத்துவர் உறுதிசெய்தால், வலியின்றி உயிர்நீக்கும் ஊசியை அவரே செலுத்துவார். பணமில்லை என்று நாயைத் துடிக்க விட்டுவிடுவதோ சாலையோரம் விடுவதோ அதற்கு மாற்றாகாது.