மணலுக்கு ஒரு காற்று, தாருக்கு ஒரு காற்று

பெருங்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் தெற்கே புறப்படும் இளைஞர்களுக்குத் தார் ரஸ்தா ஒரு சங்கடமும் தருவதில்லை. மாமல்லபுரம் தாண்டிக் கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் திரும்பினதும் வண்டி மணலில் புதைந்து நின்றுவிடுகிறது. குற்றம் எஞ்சினிடம் அன்று. டயரில் அடைத்த காற்றினிடம்.

1955 முதல் சென்னையில் தொழில் நடத்திவரும் ராயல் என்பீல்டு, 2016-ம் வருஷம் ஹிமாலயன் என்ற வண்டியை வெளியிட்டது. ஒருவர் மட்டும் ஏறிச் செல்ல, முன் சக்கரத்திற்குச் சதுர அங்குலத்துக்கு 25 ராத்தல், பின் சக்கரத்திற்கு 32 ராத்தல் என்பது அதற்கு விதித்த அளவு. (காற்றுக் கடைக்காரர் இந்த ராத்தல் கணக்கையே பி.எஸ்.ஐ. என்பார்.) இது தார் ரஸ்தாவுக்கு உரியது. மணலில் இரண்டையும் சுமார் 18, 20-க்கு இறக்கினால், டயர் சற்றே தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம்போல் அகன்று படிகிறது. பாரம் பரவுவதால் எளிதில் புதைவதில்லை. கல் நிறைந்த வழியில் இவ்வளவு இறக்கலாகாது, ரிம் நசுங்கும். டியூப் உள்ள டயரோ ரிம்மின்மேல் வழுக்கி, வால்வையே பிடுங்கிவிடவும் கூடும்.

உண்மையான அபாயம் திரும்பும்போதுதான் நேருகிறது. இறக்கின காற்றை நிரப்பாமல், பின்னால் தம்பியையும் ஏற்றிக்கொண்டு விரைகிறவர் உண்டு. டயரின் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. வளைவில் வண்டி தள்ளாடுகிறது. சூடு மிஞ்சினால் டயரே கிழிந்துபோம். ஓடிவந்த டயர் சூட்டினால் அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி ஏமாறலாகாது. சரியான அளவு தெரிவது காலையில், புறப்படுமுன். பையில் ஒரு கைப்பம்பும் அளவுமானியும் இருக்கட்டும். சவுக்குத் தோப்பின் வாயிலில் காற்றுக் கடையை எதிர்பார்க்க முடியுமா?