கணக்கதிகாரமும் பலாப்பழமும்

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள்ளும் இளமையிற் கணிதத்திற்கு அஞ்சியோர் பலர் உளர். அவ்வச்சம் எண்ணினாற் பிறப்பதன்று. விடை தவறியவழி வரும் வசையினாற் பிறப்பது என்பது எனது துணிபு.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகிய என் மகளுக்கு வீட்டில் யானே ஆசிரியனானேன். தமிழாசிரியனாதலின் கணிதத்தையும் தமிழ்வழியே தேடினேன். பனாட்டைப் பாதியாக்கி அரை, அதிற் பாதி கால், காலிற் பாதி அரைக்கால், அதிற் பாதி மாகாணி என வெட்டி வைத்தோம். மாகாணி பதினாறு கூடின் ஒன்று. அரைக்கால் என்னும் பெயரினுள்ளேயே பெருக்கல் அமைந்திருத்தலை அவளே கண்டு கூறினாள். (பனாட்டின் பெரும்பகுதி அவள் வயிற்றுட் சென்றமை வேறு கதை.)

பின்னர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தை எடுத்தோம். பலாப்பழத்தைப் பிளவாமலே சுளைத்தொகை அறிய அந்நூல் வழி கூறும். காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும். எங்கள் வளவுப் பழத்தில் முள் 45. ஆகவே சுளை 54 என்றாள். பிளந்து எண்ணினோம். இருந்தவை 47.

"நான் பிழைவிட்டேனோ அப்பா?" என்று கண் கலங்கினாள். பெருக்கலும் வகுத்தலும் சரியே. விதிதான் இப்பழத்திற்குப் பொருந்தவில்லை என்றேன். அன்றுதொட்டு வேலிக்கு அப்பாலுள்ளாரிடமும் முள்ளெண்ணிக்கை கேட்டுக் கொப்பியிற் குறிக்கலானாள். வெட்டுப்புள்ளியே வெற்றியென நெடுநாள் எண்ணியிருந்தவன் யான்.

பெறுபேறு யாதென வினவுவோர்க்கு இன்றும் அக்கொப்பியையே காட்டுகின்றேன். ஒன்பது பழங்களுள் இரண்டே விதிக்கு இணங்கின.