அம்மி கொத்துபவர் உள்ளேயே இருக்கிறார்

எங்கள் தெருமுனையில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் மூட்டுவலிக்காக நான் அங்கே சேர்ந்த அதே வாரம் ஒரு பையனும் வந்து சேர்ந்தான். பிளஸ் டூ முடித்தவன். பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வான். முதல் நாள் மாஸ்டர் அவனை ஒரே ஒரு தண்டால் எடுக்கச் சொன்னார். பாதி இறங்குவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கி, மார்பு தரையில் மோதியது. யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் வா தம்பி" என்றார் மாஸ்டர்.

மூன்று வாரம் கழித்து அதே பையன் நிறுத்தாமல் எட்டுத் தண்டால் எடுத்தான். அவன் கையை உற்றுப் பார்த்தேன். பழைய ஒல்லிக் கைதான், நூலளவுகூடப் பருக்கவில்லை. பிறகு இந்த வலு எங்கிருந்து வந்தது?

அதைத் தேடிப் படித்தபோதுதான் முதல்முறையாக என் உடம்பைப் பார்த்து எனக்கே கைகூப்பத் தோன்றியது. நம் உடலில் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. பெரும்பாலான தசைகளுக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு நரம்பு செல் கட்டளையிட்டால் அதன் பொறுப்பில் உள்ள இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும். பழக்கமில்லாத உடலில் இந்தக் கூட்டம் முழுதும் ஒன்றாக எழுந்து வருவதில்லை. பயிற்சியின் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் மாறுவது இந்த நரம்புக் கட்டளைதான்; தசை பருப்பது அதற்குப் பின்னால்தான் கண்ணில் தெரிகிறது. அந்தப் பையன், தன்னிடம் ஏற்கெனவே இருந்த வலுவைக் கூப்பிடக் கற்றிருந்தான். பிறக்கும்போதே கொடுத்தனுப்பிய சொத்து அது.

அடுத்து நடப்பது இன்னும் பெரிய அதிசயம். 1961-ல் அலெக்சாண்டர் மவ்ரோ என்ற விஞ்ஞானி தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். தசை இழையின் ஓரத்தில், அதன் உறைக்குள் ஒட்டிக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல் சில சிறு செல்கள் கிடப்பதைக் கண்டார். சாட்டிலைட் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். நமக்கும் அவை இருக்கின்றன. கடுமையான பயிற்சியில் இழை நுண்ணியதாகக் கிழிபடும்போது அவை விழித்துக்கொள்கின்றன. பெருகி, இழையோடு கலந்து, தங்கள் உட்கருவையே அதற்குக் கொடுத்துவிடுகின்றன. சில மட்டும் அடுத்த தடவைக்காக மீண்டும் உறங்கப் போய்விடும்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். அரைத்து அரைத்து வழுவழுத்துப் போன கல்லை உளியால் கொத்திப் புதிதாக்கிக் கொடுப்பார். அவர் வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டும். உடம்பு என்கிற அம்மியைப் படைத்தவன், கொத்துபவரையும் உள்ளேயே குடிவைத்து அனுப்பியிருக்கிறான்.

எலும்பும் அப்படித்தான். சுமை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். சுமையே இல்லாத விண்வெளியிலோ, விண்வெளி வீரர்களின் இடுப்பு, கால் எலும்புகள் மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தியை இழக்கின்றன. பாரமில்லாத வாழ்க்கை வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறவன் நான். இதைப் படித்த பிறகு அந்த வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்.

தென் மாவட்டக் கிராமங்களில் இன்றும் இளவட்டக்கல் கிடக்கிறது. உருண்டை, வழவழப்பு, பிடிக்க விளிம்பே கிடையாது. அதைத் தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்கிறோம். குந்தி உட்கார்ந்து, கல்லைத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோவதை ஒருவன் எத்தனை நாள் பழகியிருப்பான் என்பதை யாரும் சொல்வதில்லை. பெண் வீட்டார் பார்த்தது அந்தப் பழக்கத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

உடம்பிடம் சிபாரிசு செல்லாது. நேற்று எடுத்த தண்டாலுக்கு உள்ள கூலி இன்று காலையில் முழுதாக வந்து சேராது; தசை இழைகள் தங்களைக் கட்டிக்கொள்ளும் வேலை பயிற்சிக்குப் பிறகும் ஒரு நாளுக்கு மேல் ஓய்விலும் உறக்கத்திலும் நடக்கிறது. அவசரப்படுகிறவனுக்குக் காயம்தான் மிஞ்சும். அதனால் பொறுமையை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை, உடம்பே பழக்கிவிடுகிறது. எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்துவிட்டு மறுநாள் அதே இடத்துக்கு வருகிறவனுக்கு, விழுவதில் உள்ள வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடுகிறது. தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது அதற்குப் பிறகுதான் வருகிறது.

போன மாதம் நான் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சார், முட்டி உள்ளே மடங்குது. பாதத்துக்கு நேரா வையுங்க." அந்தப் பையன்தான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். பிளேட்டைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை என் முட்டிக்கு வெளிப்பக்கம் வைத்து, "இங்க தள்ளுங்க" என்றான். தள்ளினேன். இரண்டு வருடமாக என்னோடு இருந்த வலி அந்தத் தடவை வரவில்லை.

இளைஞர்களுக்குத்தான் இதெல்லாம் என்று சொல்பவர்களுக்காக ஒன்று. 1990-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேருக்கு மருத்துவர் மரியா ஃபியாதரோனும் அவரது குழுவினரும் எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். எல்லோரும் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள், தளர்ந்துபோனவர்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வருடம் கழித்தும் உள்ளே அந்த அம்மி கொத்துபவர் உளியைக் கீழே வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது நாற்காலியே கதியென்று உட்கார்ந்திருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நாளைக் காலை அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடியைத் தொடாமல் ஒரே ஒரு முறை எழுந்து நின்று உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையைக் கொடுங்கள், மறுநாளும் போய் நில்லுங்கள்.