சொல்லாமல் நிற்கும் பஸ்: வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



பஸ் ஓடாத நாளில் கடை ஓடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஏன் நின்றது, சட்டம் என்ன சொல்கிறது, நம் கோபம் யார்மேல் இருக்க வேண்டும் என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவு போதாது. நமக்கும் அப்போது தெளிவு இல்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். போக்குவரத்து அமைச்சர் எம்.ஆர். விஜயபாஸ்கர் குரோம்பேட்டையில் தொழிற்சங்கங்களோடு நடத்திய சம்பளப் பேச்சு அன்று மாலை முறிந்தது. சில சங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மற்றவை வெளியே வந்தன. அன்று மாலையே பல இடங்களில் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ்கள் பணிமனைக்குத் திரும்பிவிட்டன. நம் கடையில் எடை போடும் பையன் கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் இருட்டில் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்பது நம் வட்டாரக் கடைக்காரர்களுக்கு மறந்திருக்காது. மின்சார ரயில் ஓடியதால் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகள் ஓரளவு தப்பின. காயரம்பேடு பக்கத்துச் சிறு கடைக்காரர் என்ன செய்வார்? காலை பஸ்ஸில் வந்து இரண்டு மூட்டை கட்டி, அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர். ஆட்டோ வைத்தால் மூட்டையில் கிடைக்கும் லாபம் வாடகைக்கே போய்விடும். நாம் பொங்கலுக்கென்று வாங்கிய வெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் லாரியில் வந்து இறங்கிவிட்டன. வாங்குகிறவர்தான் வர வழியில்லை. பொங்கல் கழிந்தபின் கசிந்த வெல்லத்தை என்ன விலைக்குத் தள்ளினோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் டிரைவர், கண்டக்டர்களைத் திட்டினார்கள். நாமும் சேர்ந்து திட்டினோம். நம்மிடம் மாதக் கணக்கு வைத்திருந்த டிரைவர் குடும்பங்களுக்கு இனிப் பற்று கிடையாது என்று சொல்லவும் துணிந்தோம். அதில் ஒரு வீட்டம்மா கோபப்படாமல் சொன்னார்: “அண்ணாச்சி, சொல்லாம நிறுத்தினது தப்புதான். ஆனா அவங்க கேட்டது அவங்க காசு.” அதன்பிறகுதான் விசாரித்தோம்.

முதல் விஷயம் சம்பளம். பழைய ஒப்பந்தம் 2016 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. புதிய ஒப்பந்தம் பதினாறு மாதமாக இழுபட்டது. பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்கு ஆக்கச் சங்கங்கள் கேட்டன. அரசு 2.44 என்றது. பத்தாயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு இது மாதம் 1,300 ரூபாய் வித்தியாசம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி, இன்சூரன்ஸ், கூட்டுறவுக் கடன் தவணை முதலியவற்றைச் சேரவேண்டிய இடத்தில் கட்டாமல் கழகங்கள் செலவழித்துவிட்டன, அந்த வகையில் சுமார் 7,000 கோடி ரூபாய் நிற்கிறது என்று சங்கங்கள் கூறின. ஓய்வு பெற்றவர்களுக்கும் பாக்கி இருந்தது. இதை நாம் நம் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்துவிட்டு, “வியாபாரம் நஷ்டம், அதனால் கட்டவில்லை” என்று நாம் சொன்னால் அதிகாரிகள் விடுவார்களா?

அதற்காகச் சொல்லாமல் நிறுத்தியது சரியாகிவிடாது. அன்று நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, பொதுப் பயன்பாட்டுச் சேவையில் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். அதிகாரி முன்பு சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் நிறுத்தக்கூடாது. இந்த அவகாசம் நிர்வாகத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும், கொள்முதல் செய்கிற நமக்கும் உரியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு இந்த 14 நாள் விதியைப் பொதுச் சேவைகளோடு நிறுத்தாமல் தொழில் நிறுவனங்கள் அனைத்துக்கும் விரித்திருக்கிறது.

வேலைக்குத் திரும்பும்படி உயர்நீதிமன்றம் மறுநாளே உத்தரவிட்டும் பஸ் ஓடவில்லை. ஓய்வு பெற்றோர் பாக்கிக்கு 750 கோடி தருவதாக அரசு அறிவித்தது. ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்தது. அதன்பிறகே ஜனவரி 11 இரவு வேலைநிறுத்தம் முடிந்தது. போகிக்கு முதல் நாள்தான் பஸ் ஓடியது. ஜனவரி 20 அன்று கட்டணம் உயர்ந்தது. சென்னையில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. ஆக, தகராறு அவர்களுடையது, செலவு நம்முடையது.

இது ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. ஒப்பந்த முறையில் டிரைவர்களை எடுப்பதை எதிர்த்து 2023 மே 29 மாலை சென்னை மாநகர பஸ்கள் திடீரென்று நின்றன. அமைச்சர் பேசியபின் அன்று இரவே ஓடத் தொடங்கின. சில மணி நேரப் பேச்சில் தீரக்கூடியதை முதல் நாளே பேசியிருக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றியது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, சம்பளப் பேச்சு ஏதும் இழுபடுகிறதா என்று பத்திரிகையில் கவனித்துக் கொள்முதலை முன்பின் வைத்துக்கொள்வது நல்லது. பஸ்ஸில் வந்து மூட்டை எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர்களுக்கு, நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரு வேனில் சரக்கு அனுப்ப ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, நம் சங்கம் அரசுக்கு மனுக் கொடுக்கும்போது “வேலைநிறுத்தத்தைத் தடை செய்” என்று மட்டும் கேட்காமல், “தொழிலாளியிடம் பிடித்த பணத்தை உரிய நாளில் கட்டு” என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பாக்கி நிற்காத இடத்தில் பஸ் நிற்பதற்கும் காரணம் குறையும்.

அந்த வீட்டம்மாவின் கணக்கை நாம் மூடவில்லை. பிப்ரவரி சம்பளம் வந்த மறுநாளே பாக்கியை எண்ணி வைத்துவிட்டுப் போனார். கொடுக்கல் வாங்கலில் நாணயம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வணிகர்களாகிய நாம் சிந்திப்போமாக.