வீட்டிலிருந்தே படித்து நர்ஸ் ஆக முடியுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் கடத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். 2008-ல் தர்மபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, பெண்ணை நர்சிங் சேர்க்கும் ஆசை கூடியிருக்கிறது. ஆனால், வைத்தியத்துக்கு வருகிற பெற்றோர் இப்போது வேறு கேள்வி கேட்கிறார்கள்.

"அய்யா, தர்மபுரிக்கோ சேலத்துக்கோ அனுப்பினா ஹாஸ்டல் செலவு, பஸ் செலவு, வயசுப் பொண்ணுன்னு பயம் வேற. வீட்டுல இருந்தே ஒரு வருஷத்துல நர்சிங் முடிக்கலாம்னு செல்போன்ல விளம்பரம் வருதுங்க. பணம் கட்டிடலாங்களா?"

அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனாலும் பதில் ஒன்றே: கட்டாதீர்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாத படிப்புகளில் நர்சிங்கும் ஒன்று. நர்ஸாக வேலை பார்க்க, தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். வீட்டிலிருந்து வாங்கிய ஒரு வருடச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. பதிவு இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை, வெளிநாட்டு வேலையும் இல்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். பெண்ணின் வயது திரும்பி வருமா?

கை படிக்க வேண்டிய படிப்பு

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. அதில் நாடியும் ஸ்பரிசமும் முக்கியமானவை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று யாரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால், எத்தனையோ மணிக்கட்டுகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் விரலுக்கு அறிவு வரும்.

நர்ஸ் வேலையும் அப்படித்தான். வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, பிரசவமான தாயின் உதிரப்போக்கு அளவு மீறுகிறதா என்று கவனிப்பது - இதையெல்லாம் வீடியோ காட்டும். தப்பாகச் செய்யும்போது கையைப் பிடித்துத் திருத்த, பக்கத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் நிற்க வேண்டாமா?

1860-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் தொடங்கிய பள்ளியும், 1909-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய நர்சிங் பள்ளியும் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே நடந்தன. வேலூரில் 1946-ல் அது பட்டப்படிப்பாக வளர்ந்தபோதும் வார்டு பயிற்சி போகவில்லை.

அப்படியானால் ஆன்லைன் வீணா?

இல்லை. ஏற்கெனவே நர்ஸாகப் பதிவு செய்தவர்களுக்கு அது நல்ல துணை. பதிவு பெற்ற நர்ஸுகளுக்காக இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-லேயே தொலைதூரப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதிலும் செய்முறைப் பயிற்சி உண்டு. அமெரிக்காவிலும் ஆன்லைன் நர்சிங் பெரும்பாலும் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்கள் மேற்படிப்புக்குப் போகும் வழிதான்.

எதில் சேர்க்கலாம்?

ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்குத் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அங்கே கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணா? 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 உதவி பற்றிக் கல்லூரியில் கேளுங்கள். தொலைதூரக் கல்விக்கு அந்த உதவி கிடையாது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு உண்டா? கல்லூரி சொல்வதை நம்பாமல் கவுன்சிலிடமே விசாரியுங்கள்.

2. பி.எஸ்சி. என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா?

3. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? எத்தனை படுக்கை? நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

4. மொத்தக் கட்டணம் எவ்வளவு? ரசீது தருவார்களா? அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா?

5. ஹாஸ்டலில் வார்டன் உண்டா? இரவுப் பயிற்சிக்கு மாணவிகளை யார் அழைத்துப் போய் வருகிறார்கள்?

கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் பயத்துக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. ஒழுங்கான ஹாஸ்டலும் துணையும் இருந்தால் தைரியமாக அனுப்பலாம். அந்தக் கல்லூரி சரியில்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள். அதற்காகப் பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள்.