கூவம் எங்கே காணாமல் போகுது? வானகரத்தில் நின்று பார்த்தால் புரியும்

வானகரம் - அடையாளம்பட்டு தரைப்பாலத்தில் தினமும் பைக்கில் போறவங்களுக்கு கூவம்னா ரெண்டே விஷயம்தான்: வருஷம் முழுக்க மூக்கைப் பொத்தணும், மழை பெய்தால் சுத்திப் போகணும். ஆனால் சென்னை இந்த இடத்தில் உருவானதுக்கே ஆறும் ஒரு காரணம்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு இடம் பிடித்தபோது, கிழக்கே கடல், தெற்கே கூவம், மேற்கே எழும்பூர் ஆறு. எதிரி சுலபமா நெருங்க முடியாத மணல் திட்டு. கம்பெனியின் உண்மையான சரக்கு துணிதான். அதனால் 1734-ல், கூவம் வளைந்து திரும்பும் இடத்தில் நெசவாளர்களையும் துணி வெளுப்பவர்களையும் குடியமர்த்தினார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ மருவி வந்த பெயர்னு சொல்வாங்க. பச்சையப்பர் தினமும் குளித்த ஆறும் இதே கூவம்தான். இன்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்!

அப்புறம் என்ன ஆச்சு? சாக்கடை கலந்ததைத்தான் எல்லோரும் சொல்றோம். அது பாதிக் கதை. மீதி, வானகரத்துக்கு மேற்கே இருக்கு. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் பூண்டி பக்கம் திரும்புது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில், கூவத்துத் தண்ணீர் புது பங்காரு கால்வாய் வழியா செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகுது. ரெண்டுமே நம்ம வீட்டுக் குழாய்க்குத்தான். அதாவது நல்ல தண்ணியை மேலேயே எடுத்துக்கிறோம். வானகரம் தாண்டி ஓடுவதில் பெரும்பகுதி நாம விடும் கழிவு. நேப்பியர் பாலத்துக்கிட்ட முகத்துவாரத்தையும் மணல் அடைச்சுக்கிட்டே இருக்கு. தள்ளி விட மேலிருந்து தண்ணீர் வரணுமே. 1970-களில் கூவத்தில் விட்ட படகு சவாரி நிலைக்காததில் ஆச்சரியம் இல்லை.

வெள்ளம் வந்தால் கணக்கு தலைகீழ். அணைக்கட்டுகள் பிடிக்க முடியாத தண்ணீர் முழுசும் இதே வழியாத்தான் கடலுக்குப் போகணும். 2015-ல் கரையோர மக்கள் அதைப் பார்த்தாங்க.

இப்போ அந்த வழியில் தூண்கள் வேற. மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நட்டார்கள். ஆற்றில் தூண் நட்டால் நீரோட்டம் தடைபடும்னு 2012-ல் நிறுத்தினார்கள். 2022-ல் அதே சாலைக்கு, ஈரடுக்காக, மறுபடியும் அடிக்கல். வானகரத்திலிருந்து துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு அந்தச் சாலை நிஜமாவே தேவை. மழைக்காலத்தில் ஆத்துக்கும் அதே இடம் தேவை.