பன்னிரண்டு கிலோ பிள்ளை, இருபது கிலோ கால்

ஜெர்மனியில் கணுக்கால் முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் மருத்துவக் குறிப்பில் பல நேரம் ஓர் எண் இருக்கும்: 20 கிலோ. அடிபட்ட காலில் அதற்கு மேல் பாரம் இறங்கக் கூடாது. எடைக் கருவியின் மேல் அந்தக் காலை வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை அழுத்தச் சொல்லிப் பழக்குவார் பிசியோதெரபிஸ்ட். மிச்ச எடையை இரண்டு ஊன்றுகோல்கள் வாங்கிக்கொள்ளும். அதிலேயே இரண்டு கையும் போய்விடும். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதன் எடை சுமார் 12 கிலோ. அது கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஊன்றுகோலை விட்டால்தான் பிள்ளையைத் தூக்க முடியும். தூக்கினால் இருவரின் எடையும் அந்தக் காலில்தான் இறங்கும்.

2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே முதலிடம். அவர்களில் பிள்ளை பெற்றுக்கொண்டு படிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். ஜனவரிக் காலையில் பிள்ளையைக் கிட்டாவில் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடும்போது, நடைபாதையில் உறைந்து கிடக்கும் மெல்லிய பனிப்படலம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நொடி வழுக்கல், பல மாத வேலை.

அந்த மாதங்களில் எலும்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டியைச் சுற்றி அழற்சி. வலியும் வீக்கமும் அதனால்தான், ஆனால் சீரமைக்கும் செல்களை அழைத்து வருவதும் அதுதான். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பாலான மென்மையான பாலம் ஒன்று உருவாகிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து இறுகுகிறது. கணுக்காலைப் போலத் தகடும் திருகாணியும் வைத்து முனைகளை இறுக்கிப் பொருத்திய இடங்களில் பாலம் அதிகம் இல்லாமல் நேரடியாகவே ஒட்டும். எப்படி ஒட்டினாலும், எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும். தோல் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு ஆறினால் மறுபடி எலும்பாகவே ஆகும். நம் உடம்பில் இப்படி ஆறும் பாகங்கள் குறைவு.

திருத்தி அமைக்கும் வேலைக்கு வழி காட்டுவது பாரம். பெர்லின் எலும்பு மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட நூலில் இதை விதியாகவே வகுத்தார்: எந்தத் திசையில் பாரம் வருகிறதோ அதற்கேற்ப எலும்பு தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும். எலும்பு வளையும்போது அதன் நுண்கால்வாய்களில் நகரும் திரவத்தை உள்ளிருக்கும் செல்கள் உணர்ந்து, இங்கே கட்டு, அங்கே கரை என்று உத்தரவிடுகின்றன என்பது இன்றைய விளக்கம். கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடை எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் நீண்ட உலோக ஆணியைச் செலுத்திக் காட்டிய பிறகு, மாதக் கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள் சீக்கிரமே எழுந்து நடந்தார்கள். முழு ஓய்வு எலும்புக்கு நல்லதில்லை. அசைக்காத காலின் கெண்டைச் சதை இரண்டே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். அளவு மீறிய பாரமும் நல்லதில்லை. 20 கிலோ என்பது இந்த இரண்டுக்கும் நடுவே போட்ட கோடு. அந்தக் கோட்டைக் காப்பது நோயாளியின் மனவலிமை என்றுதான் நாம் நினைக்கிறோம். பிள்ளையை யார் தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது என்பேன் நான்.

அதற்கு முன் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1919-இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் கிடத்திக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கையும் தேறியது. தோலில் உருவாகி உடம்பு முழுக்கச் செல்லும் அந்தப் பொருள்தான் வைட்டமின் டி. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அது வேண்டும். ஜெர்மனியில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை அதைத் தோலில் உண்டாக்க வெயிலின் வலு போதாது. நம் கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். தோலில் உற்பத்தி இல்லாதபோது நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் தேவை என்கிறது ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம். எலும்பு முறிந்த தமிழ்ப் பெண் வைட்டமின் டி அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் தானே கேட்பது நல்லது. ஊரிலிருந்து அம்மா போனில் சொல்லும் ஆட்டுக்கால் சூப்பில் தெம்பு உண்டு, ஆனால் கொதிக்கும் எலும்பிலிருந்து சாற்றில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

இனி, பிள்ளையை யார் தூக்குவது? ஜெர்மனியில் 1971 ஏப்ரல் முதல் மாணவர்களும் அரசு விபத்துக் காப்பீட்டில் அடக்கம். வளாகத்துக்குப் போய்வரும் வழியில் விழுந்தாலும் செல்லும். பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதற்காகச் சுற்றிப் போகும் வழியையும் சட்டம் அந்தப் பயணத்தின் பகுதியாகவே எண்ணுகிறது. கிட்டாவுக்குப் போகும் குழந்தைக்கும் அதே 1971 முதல் காப்பீடு உண்டு. தாய் நடக்கிற வழி நேர்கோடு இல்லை என்று புரிந்துகொண்ட சட்டம் இது. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை. ஆனால் மருத்துவமனையில் "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்கும்போது, வகுப்புக்குப் போகும் வழியில் என்பதைச் சொல்லியாக வேண்டும். விபத்துச் சிகிச்சைக்கென அங்கீகாரம் பெற்ற டி-ஆர்ட்ஸ்ட் என்ற மருத்துவரிடம் போக வேண்டும். பல்கலைக்கழகத்திலும் தெரிவிக்க வேண்டும்.

வீட்டிலேயே வழுக்கி விழுந்தால் பொது மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து, தாயால் வீட்டு வேலை பார்க்க முடியாமல், அந்த வீட்டில் வேறு யாராலும் முடியாமல் போனால், உதவியாளர் ஒருவருக்கான செலவை 26 வாரம் வரை காப்பீடு ஏற்கலாம். நம் பங்கு நாளுக்கு 5 முதல் 10 யூரோ. சமையல், துணி, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிட்டாவில் விடுவது எல்லாம் இதில் வரும். பாட்டியோ அக்காவோ வந்து பார்த்துக்கொண்டால் கூலி கிடையாது. பயணச் செலவையும் இழந்த ஊதியத்தையும் காப்பீடு தர இடமிருக்கிறது. உதவி தொடங்குவதற்கு முன்பே மருத்துவர் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். வந்த இடத்தில் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று எத்தனையோ பெண்கள் கேட்பதே இல்லை. வேலையாளை வைப்பது ஆடம்பரம் என்று தோன்றுகிறதோ என்னவோ. இது காப்பீட்டுத் தொகை கட்டுகிறவர்களின் உரிமை. மாத்திரையைப் போல இதுவும் சிகிச்சைதான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பிள்ளை தானாக மடியில் ஏறட்டும். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கால் அசையாத நாட்களில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் போடச் சொல்லும் ஊசியை, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் போடாமலிருந்தால் நல்லது.

கணுக்காலில் வைத்த தகட்டையும் திருகாணிகளையும் ஓராண்டு கழித்து எடுக்க வேண்டுமா என்ற பேச்சு வரும். எல்லோருக்கும் அது அவசியமில்லை. எடுப்பதானால் தேர்வு முடிந்த விடுமுறையில் நாள் கேட்கலாம். பிள்ளை அப்போது இன்னும் கனத்திருக்கும். அந்தச் சில வாரங்களுக்கும் வீட்டு உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.